‘கிடைத்தது’ என்றொரு சொல்

அச்சேறிய சிறுகதைகளையும் கவிதைகளையுமே விமர்சனத்துக்கு உரியவையாகக் கருதுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. அச்சேறாமல், வீட்டு முன்மண்டபங்களில் வாய்வழியாகவே வாழும் கதைகளும் உண்டு. அவற்றுக்கும் அமைப்பு உண்டு, பாத்திரங்கள் உண்டு, உச்சக்கட்டம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாழ்க்கை நோக்கும் உண்டு. அத்தகைய கதை வகை ஒன்றை இம்முறை ஆராய விரும்புகிறோம். பழைய இசைக்கருவி ஒன்று, அதன் பெறுமதியை அறியாத ஒருவரிடமிருந்து அற்ப விலைக்குக் கைமாறிய கதை அது.

பதுளை நகரில், நண்பர் ஒருவரின் வீட்டில் அக்கதையை நாம் கேட்டோம். நண்பர் படித்தவர், இசையில் மெய்யான ஈடுபாடு கொண்டவர், ஏழைக்கு இரங்கும் நெஞ்சம் உடையவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே அவசியம் ஏற்பட்டிராது.

மேசைமேல் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. பெட்டியின் மெருகு மங்கியிருந்தது. கட்டைகள் பல்லைப் போல மஞ்சளேறியிருந்தன. நண்பர் துருத்தியை மெல்ல அசைத்து ஒரு சுரத்தைப் பிடித்தார். அறை முழுவதும் அந்த நாதம் நிறைந்து நின்றது. “பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிடைத்தது” என்று அவர் தொடங்கினார்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலம். அரிசி விலையும் மா விலையும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தன. லயத்துக் காம்பரா ஒன்றில், கட்டிலுக்கு அடியில், சாக்குத் துணியில் சுற்றிக் கிடந்த பெட்டியை ஒரு மூதாட்டி வெளியே இழுத்துக் காட்டினார். நாலாயிரம் ரூபா கேட்டார். நண்பர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான், தாம் ஐயுற்றது உறுதியாயிற்று என்றார்: உள்ளே இருந்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய ரீடுகள். கொழும்பில் ஒருவர் இருபது மடங்கு விலை தர முன்வந்தாராம். “அந்த அம்மாவுக்கு அதன் பெறுமதி தெரியாது. கேட்டதைக் கொடுத்தேன், பேரம்கூடப் பேசவில்லை” என்று நண்பர் முடித்தார்.

நாம் சிரித்தோம், அவருடைய அதிர்ஷ்டத்தைப் பாராட்டினோம். தேநீரும் அருந்தினோம். அன்றிரவு பஸ் நிலையத்தை நோக்கி இறங்கி வரும்போதுதான், அந்த மூதாட்டியின் பெயரை நாம் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. ஆகையால், இங்கே செய்யப்படும் விமர்சனம் கதை சொன்னவரை மட்டும் நோக்கியதன்று. கேட்டுக் கைதட்டியவரையும் நோக்கியதே.

முதலில் கதையின் மொழியைக் கவனிப்போம். ‘வாங்கினேன்’ என்று நண்பர் சொல்லவில்லை; ‘கிடைத்தது’ என்றார். வாங்கினேன் என்றால் வாங்கியவன் எழுவாய். அவன் செய்த செயலுக்கு அவனே பொறுப்பு. விற்றார் என்றால் விற்றவர் எழுவாய். ‘எனக்குக் கிடைத்தது’ என்னும்போது பொருளே எழுவாய் ஆகிவிடுகிறது. வாங்கியவர் நான்காம் வேற்றுமைக்குள் போய், கொடை பெறுபவரைப் போல நிற்கிறார். விற்றவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். மழை கிடைத்தது, வரம் கிடைத்தது என்பது போல ஆர்மோனியமும் கிடைத்துவிடுகிறது. ஒரு வினைச்சொல்லின் துணைகொண்டு ஒரு வியாபாரம் இயற்கை நிகழ்ச்சியாக மாற்றப்படுவதை இங்கே காண்கிறோம்.

பாத்திரப் படைப்பும் இதற்கு இசைவானதே. வாங்குபவருக்கு அறிவு, ரசனை, பொறுமை எல்லாம் உண்டு. விற்பவருக்கு ஒரே ஒரு குணம்தான்: அறியாமை. கதையின் சுவையே அதில்தான் தங்கியிருக்கிறது. மூதாட்டி பெறுமதியை அறிந்திருந்தால் கதையே இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கதை வேறு உடையில் உலவுகிறது. அங்கே பரண்மேல் தூசி படிந்த வயலின் வரும், விதவை ஒருத்தி வருவாள், கூரிய கண்ணுடைய கனவான் ஒருவர் வருவார். நாடு மாறினும் அறியாதவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் மாறுவதில்லை.

கதை விட்டுவிட்ட பகுதியைச் சரித்திரத்திலிருந்து நிரப்ப முயல்வோம். அந்த ஆர்மோனியம் லயத்துக்குள் எப்படி வந்தது? ஊவாவின் மலைகளில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைக்க வந்த மக்கள், திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் என்று சொல்வது முழு உண்மையன்று. தப்பும் உருமியும் அவர்களோடு வந்தன. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் கூத்துக்கள் வந்தன. தமிழகத்து நாடகக் குழுக்கள் இலங்கை மேடைகளில் ஆடிய காலத்தில் ஆர்மோனியத்தின் மோகமும் மலையேறியது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளில் பாடியவர்களே. பதுளைக்கு 1924இல் புகையிரதம் வந்து சேர்ந்தபின், பெட்டி சுமந்து வருவது முன்னிலும் எளிதாயிற்று.

இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. கற்றோர் உலகம் ஒரு காலத்தில் ஆர்மோனியத்தை இழிவாகவே மதித்தது. அனைத்திந்திய வானொலி 1940இல் அதனைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அத்தடை தளர்வதற்கு 1971வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கமகத்துக்கு ஒவ்வாத கருவி என்று வித்துவான்கள் ஒதுக்கிய அப்பெட்டியைக் காப்பாற்றி வைத்தது நாடகக் கொட்டகையும் பஜனை மடமும்தாம். மலையகத்திலே லயத்துக் காம்பராவுந்தான். இன்று அதே பெட்டியைத் தேடி அலையும் ரசிகர்கள், அன்று அதைப் பேணிய கைகளை அறியாமையின் உருவமாகச் சித்திரிப்பது விந்தையிலும் விந்தை.

இனி, அது லயத்தைவிட்டு எப்படி வெளியேறியது என்பதைப் பார்ப்போம். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் ஒப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் செல்லும் கப்பல் 1984இல் நிற்கும்வரை குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறினார்கள். நாள் குறிக்கப்பட்டுப் புறப்படும் குடும்பம், எடுத்துச் செல்ல முடியாத பொருளை என்ன விலைக்கு விற்கும்? கொள்பவன் சொன்னதே விலை. இடையில் 1973-74இல் தோட்டங்களில் பட்டினி வந்தது. பானை சட்டிகள்கூட அரிசிக்காகக் கைமாறின. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2022இல் மீண்டும் நெருக்கடி. ஒவ்வொரு துன்பத்தின் பின்னும் பழைய சாமான் வியாபாரி ஒருவர் மலையேறியிருக்கிறார். நண்பரின் ஆர்மோனியமும் அந்த வழியிலேயே இறங்கி வந்தது.

இங்கே எதிர்ப்பு வாதங்கள் எழும். அவற்றைப் புறக்கணித்துவிட்டு மேற்செல்வது நேர்மையாகாது.

‘விற்றவர் தாமே விலை சொன்னார், மனநிறைவோடு பணத்தைப் பெற்றுக்கொண்டார், இதில் அநீதி எங்கே?’ என்பது முதல் வாதம். பழைய வாதந்தான் இது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஸ்கேவோலா என்பவரைப் பற்றிக் கூறுகிறார். நிலம் ஒன்றை வாங்கச் சென்ற ஸ்கேவோலா, ஒரே விலையாகச் சொல்லுமாறு கேட்டார். விற்பவர் சொன்னார். ‘என் மதிப்பில் இந்நிலம் அதைவிடப் பெறும்’ என்று கூறி, ஸ்கேவோலா இலட்சம் நாணயம் கூட்டிக் கொடுத்தார். அது நல்லவன் செயல் என்பதை யாரும் மறுக்கவில்லையாம். ஆனால் கெட்டிக்காரன் செயல் அன்று என்றார்களாம். நல்லவனையும் கெட்டிக்காரனையும் இவ்வாறு வேறாக்கும் மனப்பான்மையே கேடு என்கிறார் சிசரோ. பதுளை வீட்டில் நாம் கெட்டிக்காரனுக்குத்தான் கைதட்டினோம்.

நமது மரபும் இதற்கு மாறானதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு பிசகாமையையே அவர்தம் சிறப்பாகக் காண்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலவே கருதி வாணிகம் செய்ய வேண்டும் என்று, நடுவு நிலைமை அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். தம் வீட்டு ஆர்மோனியத்தை நாலாயிரத்துக்கு நண்பர் விற்றிருப்பாரா என்பதே வள்ளுவர் வழியில் எழும் கேள்வி.

சட்டமும் இவ்விஷயத்தில் முற்றிலும் ஊமையன்று. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன்-டச்சுச் சட்டத்தில் ‘லேசியோ எனோர்மிஸ்’ என்றொரு கோட்பாடு உண்டு. உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்குப் பொருளைக் கொடுத்தவர், அவ்விற்பனையை நீக்கக் கோரலாம் என்பது அதன் சாரம். பெறுமதியை அறிந்தே விற்றவருக்கு அந்தப் பரிகாரம் இல்லை. ஆக, விற்றவரின் அறியாமை அச்சட்ட மரபில் வாங்கியவருக்குச் சாதகமாக அமைவதில்லை என்பது தெளிவு. ஒரு பெட்டிக்காக எந்தத் தோட்டத் தொழிலாளி வழக்குமன்றம் ஏறப் போகிறார் என்பது வேறு விஷயம். வழக்கு வராது என்ற துணிவே பல பேரங்களின் முதலீடாக இருக்கிறது.

இரண்டாம் வாதம் சற்று வலுவானது. ‘ரீடுகளை அறிந்துகொள்ள நான் பல ஆண்டுகள் உழைத்தேன். அந்த அறிவுக்குக் கூலி வேண்டாமா?’ அறிவுக்குக் கூலி வேண்டும் என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலரும் அதன் பிள்ளைகளே. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் அன்று தேயிலை வகித்த இடம் யாவரும் அறிந்ததே. ஆனால் தேயிலை பறித்தவரின் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிக்கூடங்களோ அத்திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது; பல பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கூடை சுமந்த தாய்மார் ஈட்டிய வருமானத்தில் ஒரு பகுதி நமக்குப் புத்தகமாகவும் ஓய்வாகவும் இசையறிவாகவும் வந்து சேர்ந்தது; அவர்களுக்கு அறியாமையாக மிஞ்சியது. அவர்களின் உழைப்பால் வளர்ந்த அறிவை எடுத்துக்கொண்டு அவர்களின் வாசலுக்கே போய், அவர்களின் அறியாமையை விலையாகக் கேட்கிறோம். கூலி வேண்டும் என்று சொல்பவர், அந்தக் கூலியின் ஒரு பகுதி முன்பே பெறப்பட்டுவிட்டது என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

இதனால், விலை வேறுபாடு முழுவதையும் விற்பவருக்கே கொடுக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. தேடி அலைந்த செலவு, பழுது பார்க்கும் செலவு, வாங்குவாரைக் கண்டுபிடிக்கும் முயற்சி ஆகியவற்றுக்கு நியாயமான ஊதியம் உண்டு. இருபதில் ஒரு பங்கு விற்றவருக்கும் பத்தொன்பது பங்கு அறிந்தவருக்கும் என்பதை ஊதியம் என்று அழைக்க முடியாது என்பதே எமது கட்சி.

மூன்றாம் வாதம் உருக்கமானது. ‘நான் வாங்கியிராவிட்டால் கறையான் தின்றிருக்கும்.’ இதில் உண்மை இருக்கிறது. ஒழுகும் கூரையின் கீழ் மரமும் தோலும் நெடுநாள் தாங்குவதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைப் பகுதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மனிதரே மண்ணுக்குள் போன இடத்தில் கருவிகளைப் பற்றிப் பேசவும் மனம் கூசுகிறது. காப்பது நற்பணியே. ஆனால் நற்பணிக்கும் குறைந்த விலைக்கும் என்ன தொடர்பு? நியாயமான விலை கொடுத்தாலும் கறையானிடமிருந்து அப்பெட்டி தப்பியே இருக்கும்.

மேலும், பெயரும் ஊரும் அழிக்கப்பட்டுக் காக்கப்படும் கருவி பாதிக் கருவியே. பண்டைய யாழ் நம்மைவிட்டு மறைந்தபின், அதன் அமைப்பை ஏடுகளிலிருந்து மீட்பதற்கு விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. 1947இல் யாழ் நூலாக அவ்வுழைப்பு வெளிவந்தது. கருவியை வாசித்தவர் யார், எந்தச் சுருதியில், எந்தப் பாட்டுக்கு என்பதை வாய்திறந்து சொல்ல அந்த மூதாட்டி உயிரோடு எதிரில் இருந்தார். நண்பர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு வளர்ந்திருக்கும். பேச்சு வளர்ந்தால் விலையும் வளர்ந்துவிடும் என்ற அச்சம் அவர் நாவைக் கட்டியிருக்கலாம்.

எல்லா விற்பனையையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பழம்பொருள் கடை வைத்திருப்பவர் விலையில் தவறினால், அவருக்குப் பாடம் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை. அறிவதே அவர் தொழில். இன்று இழந்ததை நாளை ஈட்டுவார். தோட்டத்துத் துரை பங்களாவில் கைவிடப்பட்ட வயலின் ஏலத்துக்கு வந்தால், அதில் போட்டியிடுவோருக்கு இடையே சமத்துவம் உண்டு. வாங்குபவரின் அறிவும் எப்போதும் உறுதியானதன்று. ஸ்ட்ராடிவாரி 1737இல் மறைந்தார். அவர் பெயர் அச்சிட்ட சீட்டை ஒட்டிய வயலின்கள் பின்னாளில் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெருஞ்செல்வம் என்று நம்பியிருக்கும் ஏழைக்கு உண்மையைச் சொல்வதும் கடமையே. அறிந்ததைச் சொல்; அறியாததை அறியேன் என்று சொல்: இவ்விதி விலையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒன்றுதான். விற்பவருக்கு அறிய வழியில்லை, காத்திருக்க வசதியில்லை, திரும்பக் கேட்கத் துணையில்லை என்னும் மூன்றும் கூடிய இடத்தில்தான் மௌனம் களவுக்கு அண்டை வீடாகிறது.

சந்தை அறியும் பெறுமதிக்கும் எல்லை உண்டு. நண்பர் அன்று அந்த லயத்தில் இன்னொன்றையும் பார்த்தாராம்: சுவரில் மாட்டியிருந்த பழைய தப்பு. அதைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. கொழும்பில் அதற்கு விலையில்லை. விடியுமுன் தோட்டத்து மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலி. காமனை எரித்தபோதும், மரணத்தை ஊருக்கு அறிவித்தபோதும் ஒலித்தது அதுவே. சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பாடியபோது அந்தப் பறையொலியையே அதிகாலையின் குரலாகக் கேட்டார். அடிப்பவரின் சாதியை இழிவுபடுத்திய சமூகம் கருவியையும் இழிவுபடுத்தியது. சந்தை அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. பாரிஸிலோ ஜெர்மனியிலோ செய்த ரீடுக்கு விலையுண்டு. லயத்து வாசலில் நெருப்பு மூட்டிக் காய்ச்சிய தோலுக்கு விலையில்லை. ஆகவே, ‘அவர்களுக்குப் பெறுமதி தெரியாது’ என்று சொல்லும்போது யாருக்கு எதன் பெறுமதி தெரியாது என்று கேட்கத் தோன்றுகிறது. மூதாட்டி ஆர்மோனியத்தை விற்றார்; தப்பை விற்பதாகச் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்? பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. விலை கேட்குமுன், நாம் அறிந்ததைச் சொல்லலாம். ‘இது அரிய பொருள், அவசரப்பட்டு விற்காதீர்கள், இன்னொருவரிடமும் காட்டிப் பாருங்கள்’ என்று கூறப் பத்து நிமிடம் போதும். முழு விலை கொடுக்கக் கையில் பணமில்லையேல், இயன்றதைக் கொடுத்து, பின்னால் விற்கும்போது பங்கு தருவதாகப் பிள்ளைகள் முன்னிலையில் எழுதிக் கொடுக்கலாம். அரிசிக்காக விற்கிறார்கள் என்று கண்டால், அரிசிக்குக் கடன் கொடுத்துவிட்டுப் பெட்டியை அங்கேயே விட்டு வரலாம். கம்பளைப் பகுதியில் பழைய லயம் ஒன்றிலே தோட்டத் தொழிலாளருக்கென்று அருங்காட்சியகம் அமைத்தவர்கள், அம்மக்களின் பொருளை அம்மக்களின் பெயராலேயே காக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலவிலும் அத்தகைய முயற்சிக்கு இடமுண்டு. எதுவும் முடியாதபோது குறைந்தபட்சம் பெயரைக் கேட்டு எழுதி வைக்கலாம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் நாம் பின்னர் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தோட்டம் தெரியும், லயமும் தெரியும், பெயர்தான் தெரியாது” என்றார். தோட்டமும் லயமும் தெரிந்தவருக்குப் பெயரைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் குரலெழுப்பி, 2021இல்தான் அதைப் பெற்ற மக்கள் அவர்கள். நாலு நாட்சம்பளத்துக்குப் போன அந்தப் பெட்டியின் மீதி விலை அந்த லயத்தில் யாருக்கு உரியது என்பதை விசாரித்து அறியலாம். பசறைக்கு பஸ் இருக்கிறது. அவர் போவதானால் நாமும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்; அன்று சிரித்தவர்களில் நாமும் ஒருவர் அல்லவா?